நன்றியை விடியும்வரை வைத்திருக்காதீர்கள்: பெங்களூரு வீடுகளுக்கு ஒரு ஸ்தோத்திரக் கையேடு

ஆண்டவருக்குச் சொல்லும் நன்றியைக் குறிக்கும் "ஸ்தோத்திரம்" என்ற சொல் நம் சபைகளில் படாத பாடு படுகிறது. போனை எடுத்தால் ஸ்தோத்திரம், வைத்தால் ஸ்தோத்திரம், ஜெபத்தில் அடுத்த வாக்கியம் வராமல் திணறினால் நடுவில் நாலு ஸ்தோத்திரம். எதற்காக என்று கேட்டால்தான் பதில் வராது. அந்த "எதற்காக" என்பதையும், அதை எப்போது, யாரிடம், எப்படிச் சொல்வது என்பதையும் பற்றியே இங்கே எழுதியிருக்கிறோம். சிவாஜிநகர், அல்சூர், லிங்கராஜபுரம், விவேக்நகர் என்று எங்கே இருந்தாலும், இரண்டு ரூம் வீட்டுக்கும் எட்டு மணிநேர வேலைக்கும் நடுவில் செய்யக்கூடிய அளவில்தான் எல்லாம்.

முதலில் ஒரு சட்டம். லேவியராகமம் 7-ஆம் அதிகாரத்தில் ஸ்தோத்திரபலி பற்றி ஒரு விதி வருகிறது. அந்தப் பலியின் மாம்சத்தை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியற்காலமட்டும் வைக்கக் கூடாது (7:15). பொருத்தனையாகவோ (நேர்ந்துகொண்டது) உற்சாகமாகவோ (தானாக மனமுவந்தது) செலுத்தும் பலி என்றால் மறுநாளும் சாப்பிடலாம் (7:16). நன்றிக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. ஒரு ஆடோ மாடோ, கூடவே எண்ணெயில் பிசைந்த அதிரசம், எண்ணெய் தடவிய அடை, புளித்த மாவில் செய்த அப்பம் என்று பட்டியல் நீள்கிறது. அதிரசம், அடை என்பதெல்லாம் நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும் வார்த்தைகளே. இவ்வளவையும் ஒரே வீட்டார் ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாது. அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டே ஆக வேண்டும். விதியே விருந்துக்கு வழி பண்ணிவிடுகிறது.

அதே புத்தகத்தில் 19:13-ஐப் பாருங்கள். கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது. அங்கேயும் அதே "விடியற்காலமட்டும்". ஆண்டவருக்குச் சொல்ல வேண்டிய நன்றிக்கும் மனிதனுக்குக் கொடுக்க வேண்டிய கூலிக்கும் ஒரே கெடு. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டு வசனத்தையும் சேர்த்து வைத்துச் சொல்வதுதான்.

நோட்டு

ஒரு 100 பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். நல்ல அட்டை, தங்க எழுத்து போட்ட டைரி வேண்டாம். அழகான நோட்டில் எழுதக் கை கூசும், பத்தாவது நாள் அது பீரோவுக்குள் போய்விடும். சமையலறையில் பால் கணக்கு எழுதும் நோட்டு கிடக்கிற இடத்திலேயே இதுவும் கிடக்கட்டும், பேனாவை நூலில் கட்டிவிடுங்கள்.

பக்கத்தில் நாலு கட்டம் போடுங்கள்: தேதி, யார், என்ன செய்தார், சொல்லியாச்சா. நாலாவது கட்டம்தான் இந்த நோட்டின் உயிர். ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

செவ்வாய். நாலாவது மாடி ஆன்ட்டி. திடீர் மழையில் நம் துணியை எடுத்து மடித்து வாசலில் வைத்திருந்தார். சொல்லியாச்சா: இல்லை.
புதன். ஆண்டவர். சின்னவளுக்குக் காய்ச்சல் 102-லிருந்து இறங்கியது. சொல்லியாச்சா: ஆம், இரவு ஜெபத்தில்.
புதன். மருந்துக் கடைத் தம்பி. கடையைச் சாத்தியபின் திரும்பத் திறந்து சிரப் கொடுத்தார். சொல்லியாச்சா: இல்லை.

அந்த "இல்லை" இரண்டும் கண்ணை உறுத்த வேண்டும். உறுத்தினால்தான் மறுநாள் படியேறும்போது நாலாவது மாடிக் கதவைத் தட்டத் தோன்றும். காய்ச்சல் இறங்கியதற்கு ஆண்டவரிடம் சொல்லியாகிவிட்டது, கடையைத் திறந்தவரிடம் இன்னும் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

பெரும்பாலான நோட்டுகள் இரண்டாவது வாரத்தில் சாகின்றன. காரணம் சோம்பல் இல்லை. "உணவு, உடை, ஆரோக்கியம், குடும்பம்" என்று பொதுவாக எழுதத் தொடங்கினால் ஏழாம் நாளே எழுத ஒன்றும் இருக்காது. எல்லா நாளும் ஒரே வரியாகிவிடும், கை தானாக நின்றுவிடும். மருந்து எளிது: பெயரோ, இடமோ, மணியோ இல்லாத வரியை எழுதாதீர்கள். "ஆரோக்கியம்" என்பது வரி ஆகாது. "முட்டி வலியோடு மெட்ரோ படி இறங்கினேன், ஒரு பையன் பையை வாங்கிக்கொண்டான்" என்பது வரி. 136-ஆம் சங்கீதம் இதற்கு நல்ல மாதிரி. 26 வசனம், ஒவ்வொன்றின் முடிவிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்ற ஒரே வரி, ஆனால் முன்பாதி ஒவ்வொன்றும் வேறு: சூரியன், சந்திரன், சிவந்த சமுத்திரம், சீகோன், ஓக் என்று பெயர் பெயராக. பல்லவி மாறாமல் இருக்கலாம், சரணம் மாறித்தான் ஆக வேண்டும்.

தினம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம். தினம் எழுத முடியாதவர்கள் வாரம் ஒருமுறை, ஞாயிறு ஆராதனைக்குப் புறப்படும் முன் ஐந்து வரி எழுதலாம். 2003-இல் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் ஒரு பகுதியில் பங்கேற்றவர்கள் வாரம் ஒருமுறை ஐந்து வரை நன்றிகளை எழுதினார்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். வாரக் கணக்கு குறைவான கணக்கு என்று வெட்கப்படத் தேவையில்லை.

சாப்பாட்டு ஜெபம்

இது 20 நொடி வேலை. ஆனால் நம் வீடுகளில் அதிகம் தேய்ந்துபோன ஜெபம் இதுதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், சொன்னவருக்கே என்ன சொன்னோம் என்று தெரியாது.

ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கிற ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது வந்த வழியில் ஒரு கையைப் பெயர் சொல்லிச் சேருங்கள். இன்றைக்கு டம்ளர் தண்ணீர். பெங்களூருவின் காவேரி நீர் தொரெகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கி.மீ. தூரம் பம்ப் செய்து மேட்டில் ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. ராத்திரி பம்ப் ஹவுஸில் விழித்திருக்கும் ஆபரேட்டருக்காக ஒரு வரி. 2024 கோடையில் போர்வெல் வற்றி டேங்கருக்குக் காத்திருந்தவர்கள் இதை நாடகம் என்று சொல்ல மாட்டார்கள். நாளைக்கு தக்காளி என்றால் ஓசூர் பக்கத்து வயலோ கோலார் மண்டியோ. நாளை மறுநாள் தோசை என்றால், ராத்திரி மாவு அரைத்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அவரை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்து மட்டும் நன்றி சொன்னால் அவர் முகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்.

இயேசு ஐந்து வாற்கோதுமை அப்பத்தைக் கையில் எடுத்து ஸ்தோத்திரம் பண்ணினது யோவான் 6:11-இல் இருக்கிறது. பன்னிரண்டு கூடை நிறைந்த பிறகு சொன்ன நன்றி இல்லை அது. ஐந்தும் ஐந்தாக இருந்தபோதே சொன்னது. கத்தோலிக்க வீடுகளில் "நற்கருணை" என்கிறோமே, அதற்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருளே "நன்றி செலுத்துதல்" தான். கோயிலில் நடக்கிற பெரிய திருப்பலிக்கும் வீட்டுச் சாப்பாட்டு ஜெபத்துக்கும் வேர் ஒன்று.

குடும்ப ஜெபம்

பன்னிரண்டு நிமிடம். அதற்கு மேல் போனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை கடிகாரத்தைப் பார்க்கும். ஒரு பாட்டில் ஒரு சரணம், ஒரு சங்கீதத்தில் ஐந்தாறு வசனம், பிறகு வட்டமாக ஆளுக்கு ஒரு நன்றி, அதற்குப் பிறகுதான் விண்ணப்பங்கள், கடைசியில் கர்த்தருடைய ஜெபம். நன்றியை விண்ணப்பத்துக்கு முன்னால் வையுங்கள். கடைசியில் வைத்தால் விண்ணப்பங்களே நேரத்தைத் தின்றுவிடும், நன்றி ஒற்றை வாக்கியமாகச் சுருங்கிவிடும். பிலிப்பியர் 4:6 விண்ணப்பத்தை "ஸ்தோத்திரத்தோடே கூடிய" ஜெபத்தால் தெரியப்படுத்தச் சொல்கிறது. தனித்தனிப் பொட்டலமாகக் கட்டச் சொல்லவில்லை.

பிள்ளைகளின் முறை வரும்போது பெரியவர்கள் மூன்று தவறு செய்கிறார்கள். ஒன்று, திருத்துவது. "பப்ஸ் வாங்கித் தந்ததுக்கு தேங்க்ஸ் யேசப்பா" என்று ஐந்து வயதுப் பிள்ளை சொன்னால் அது முழுமையான ஸ்தோத்திரம், அதில் "ஆவிக்குரிய" விஷயம் ஒன்றையும் ஒட்ட வேண்டாம். இரண்டு, கட்டாயம். இன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால் "பாஸ்" சொல்ல அனுமதி இருக்கட்டும். மூன்றாவது மோசமானது, நன்றிக்குள் திட்டை ஒளித்துவைப்பது. "கணக்கில் 72 எடுக்க வைத்ததற்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே, அடுத்த தடவையாவது கவனக்குறைவு இல்லாமல்..." இதை ஒருமுறை கேட்ட பிள்ளை அப்புறம் அப்பாவின் ஜெபத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும், நல்லதுக்கு இல்லை.

இன்னொரு பொறியும் உண்டு, அதில் பெரியவர்கள்தான் விழுவார்கள். லூக்கா 18:11-இல் பரிசேயன் சொன்னதும் ஸ்தோத்திரம்தான்: மற்ற மனுஷரைப்போல இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன். "எத்தனையோ பேர் ரோட்டில் படுத்திருக்கிறார்கள், நமக்கு வீடு கொடுத்தீரே" என்று ஜெபிக்கிறபோது அந்தக் குரல் நம் வாயிலும் வந்துவிடுகிறது. அடுத்தவன் இல்லாமையை அளவுகோலாக வைத்து நன்றி சொல்லாதீர்கள். வீட்டுக்காக நன்றி சொல்ல, ரோட்டில் படுத்திருப்பவரை இழுக்க வேண்டியதில்லை. அவர் ஜெபத்தில் வரட்டும், விண்ணப்பத்தில், பெயர் தெரிந்தால் பெயரோடு.

மனிதர்களுக்கு நன்றி

"எல்லாம் ஆண்டவர் செய்தது, மனுஷனுக்கு என்ன நன்றி" என்று சொல்கிறவர்கள் ரோமர் 16-ஆம் அதிகாரத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள், பெயர்ப் பட்டியல்தானே என்று. பவுல் அங்கே இருபதுக்கு மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி நினைக்கிறார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள் என்று காரணத்தோடு நன்றி சொல்கிறார். நம் வள்ளுவத்திலும் "நன்றி" என்றால் செய்த உதவியே. நன்றி மறப்பது என்றால் "தேங்க்ஸ்" சொல்ல மறப்பது இல்லை, ஒருவர் செய்த நல்லதையே மறப்பது. சொல்லின் பழைய பொருளை நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

சொல்லும் முறைக்கு மூன்று பகுதி: கூப்பிடும் பெயர், செய்த காரியம், அதனால் என்ன ஆயிற்று. "அக்கா, நேத்து நீங்க கேஸ் சிலிண்டரை வாங்கி வெச்சீங்க, இல்லாட்டி ராத்திரி சமையலே நடந்திருக்காது." அவ்வளவுதான். "ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு" என்று குணத்தைப் புகழ்வதைவிட, செய்ததைச் சொல்வது கேட்பவருக்குக் கூச்சமில்லாமல் போய்ச் சேரும்.

பெங்களூரில் பாதி நன்றியைக் கன்னடத்தில் சொல்ல வேண்டியிருக்கும். "தன்யவாத" என்றால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். வீதியில் "தும்ப உபகார ஆய்த்து" என்பார்கள். 103-ஆம் சங்கீதத்தில் "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று நாம் படிக்கிற அதே உபகாரம். தமிழ் பேசுகிற வாய்க்கு இதைவிட வசதியான கன்னட வாக்கியம் இல்லை. காலையில் குப்பை வண்டியோடு வரும் பௌரகார்மிகர்களில் தெலுங்கு பேசுகிறவர்களும் நிறைய. பாஷை தெரியாவிட்டால் குப்பையைப் பிரித்துக் கொடுங்கள்: ஈரம் தனி, உலர்ந்தது தனி, டயப்பரும் சானிட்டரி நாப்கினும் பேப்பரில் சுற்றித் தனி. கையால் பிரிக்கிறவருக்கு அதைவிடத் தெளிவான நன்றி எந்த மொழியிலும் கிடையாது.

பணத்தையும் நன்றியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குச் சம்பளம் தருவது கடன். அது மாதத்தின் முதல் தேதி என்றால் முதல் தேதிதான், "அக்கவுண்ட்ல இன்னும் ஏறல" என்று ஏழாம் தேதி வரை இழுத்துவிட்டு கிறிஸ்துமஸுக்குப் புதுப் புடவை எடுத்துக் கொடுப்பதில் நன்றி இல்லை. வேலைக்காரருடைய கூலி பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்வது பெரிய பண்ணையாருக்கு மட்டும் எழுதியதில்லை. முதலில் சம்பளம், சரியான நாளில். அதற்கு மேல் போனஸ், புடவை, கேக். அதற்கும் மேல் வாய்ச்சொல்.

ரொம்ப நாள் விட்டுப்போன நன்றிகளும் இருக்கும். பள்ளி டீச்சர், முதல் வேலைக்குச் சிபாரிசு செய்தவர், சண்டை போட்டுப் பிரிந்த பழைய வீட்டு ஓனர். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் கைகூப்பும் பொம்மை அனுப்பாதீர்கள். ஒரு பக்கக் கடிதமோ ஐந்து நிமிடப் போனோ போதும். "இத்தனை வருஷம் சொல்லாமல் விட்டேன்" என்று ஒரே ஒருமுறை சொல்லி மேலே போங்கள். மன்னிப்பே அரைமணி நேரம் ஓடினால் எதிரில் இருப்பவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும்.

லூக்கா 17-இல் குஷ்டரோகம் நீங்கிச் சுத்தமான பத்துப் பேரில் திரும்பி வராத ஒன்பது பேரைக் கெட்டவர்கள் என்றே பிரசங்கிக்கிறோம். வசனத்தைக் கவனித்தால், ஆசாரியரிடம் போய்க் காண்பியுங்கள் என்று இயேசுதான் சொன்னார். அவர்கள் சொன்னபடி போய்க்கொண்டிருந்தார்கள். முக்கியமான வேலையை முடித்துவிட்டு வந்து நன்றி சொல்லலாம் என்று நினைத்திருக்கலாம். நம்மில் பெரும்பாலோர் அந்த ஒன்பது பேர்தான். சமாரியன் நடுவழியிலேயே திரும்பினான்.

பொருத்தனையும் காணிக்கையும்

இவை இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் அதிகம். பொருத்தனை என்பது முன்கூட்டிச் சொன்ன வாக்கு, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்பது. அது நிறைவேற்ற வேண்டிய கடன். நேர்ந்துகொண்டு செய்யாமற்போவதைவிட நேராமலிருப்பதே நலம் என்கிறது பிரசங்கி 5:5. ஸ்தோத்திரக் காணிக்கைக்கு முன்வாக்கு ஒன்றும் இல்லை, நடந்ததைப் பார்த்து மனதில் வந்ததைக் கொடுப்பது. விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு வியாழக்கிழமை போகிறவர்களும், செப்டம்பர் 8-இல் சிவாஜிநகர் மாதா கோயிலுக்கு நடக்கிறவர்களும், சி.எஸ்.ஐ. சபையில் கவர் போடுகிறவர்களும் இந்த வித்தியாசத்தை முதலில் தீர்த்துக்கொண்டால் மனச்சுமை குறையும்.

கவரின் மேல் பெயர், தேதி, காரணம் ஒரே வரியில். "மகனுக்கு வேலை கிடைத்ததற்காக" போதும், கம்பெனியின் பெயரும் சம்பளமும் வேண்டாம். பெயர் வாசிக்கப்பட வேண்டாம் என்றால் "பெயர் வேண்டாம்" என்று கவரிலேயே எழுதிவிடுங்கள், வாயால் சொன்னால் செயலாளர் மறந்துவிடுவார். யு.பி.ஐ.யில் அனுப்பினால் குறிப்புப் பகுதியில் "ஸ்தோத்திரக் காணிக்கை" என்று போடுங்கள், இல்லாவிட்டால் சந்தாக் கணக்கில் ஏறிவிடும். தொகை எவ்வளவு என்று கேட்டால் ஒரே அளவு சொல்வோம்: கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அறுப்பின் பண்டிகையில் நகரத்துக்காரர் என்ன கொண்டுவருவது என்ற கேள்வி வருஷாவருஷம் வரும். மார்க்கெட்டில் வாங்கின பூசணியை ஏலத்துக்கு வைப்பதில் தப்பில்லை. தொட்டியில் வளர்த்த ஒரு பிடி கறிவேப்பிலை, சொந்தக் கையால் போட்ட ஊறுகாய், தைத்த பை இன்னும் நல்லது.

நன்றி வராத நாட்கள்

துக்க வீட்டில் போய் "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று 1 தெசலோனிக்கேயர் 5:18-ஐ எடுத்து நீட்டுகிறவர்களைத் தயவுசெய்து கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிடுங்கள். அந்த வசனம் "எல்லாவற்றிலேயும்" என்கிறது, எல்லாச் சூழலின் நடுவிலும் என்று. எபேசியர் 5:20 "எல்லாவற்றிற்காகவும்" என்று சொல்வதும் உண்மைதான். ஆனால் அது ஒருவர் தானாக வந்துசேர வேண்டிய இடம், இன்னொருவர் பிடித்துத் தள்ளும் இடம் இல்லை. லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசு முதலில் கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). "பிதாவே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்று சொன்னது ஆறு வசனம் கழித்து.

வேலை போன மாதம், கருக்கலைந்த வாரம், அப்பா ஐ.சி.யு.வில் இருக்கிற இரவு. அப்போது நோட்டை மூடி வைத்துவிடலாம். 13-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள், மொத்தம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று இரண்டு வசனம் முறையீடு, இரண்டு வசனம் வேண்டுதல், கடைசி இரண்டில்தான் நம்பிக்கை. முதல் இரண்டோடு நிறுத்த வேண்டியிருந்தால் நிறுத்துங்கள். 88-ஆம் சங்கீதம் கடைசி வசனம் வரைக்கும் விடியவே இல்லை, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. கூட இருப்பவர்கள் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது வசனம் சொல்வதல்ல, இட்லி கொண்டுபோவது. இரண்டு பேருக்கு எட்டு இட்லி, சாம்பார் தனி டப்பாவில், டப்பாவைத் திருப்பித் தரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம்

பிரசவம், புது வீடு, ஆப்பரேஷன் முடிந்து திரும்பியது, வேலை கிடைத்தது. இதற்கெல்லாம் வீட்டில் ஒரு கூட்டம் வைப்பது நம் பழக்கம். 30 பேருக்கு மேல் கூப்பிடாதீர்கள். 10-க்கு 14 அடி ஹாலில் பாயில் 18 பேர், சுவரோரம் முதியவர்களுக்கு 10 நாற்காலி, மீதி சமையலறை வாசலில். அதற்கு மேல் போனால் மூச்சு முட்டும்.

மூன்று நாள் முன்னாடி அபார்ட்மென்ட் சங்கச் செயலாளரிடமும் பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்கு வெறும் தகவலாகச் சொல்லாமல் அழைப்பாகச் சொல்லுங்கள், அவர்கள் எந்த மதம் என்றாலும் டீக்காவது வரட்டும். ஹாலுக்குள் மைக் வேண்டாம், 30 பேருக்கு மனிதக் குரல் தாராளம். செருப்புக்கு ஒரு பழைய பெட்ஷீட்டை வராந்தாவில் ஒரே பக்கமாக விரித்தால் லிஃப்ட் வாசல் அடைபடாது.

சனிக்கிழமை மாலை 6.30 என்று சொல்லுங்கள், டிராபிக் தயவில் 6.45-க்குத் தொடங்கும். இரண்டு பாட்டு 10 நிமிடம். ஆரம்ப ஜெபம் 3. 136-ஆம் சங்கீதத்தை ஒருவர் முன்பாதி வாசிக்க, எல்லோரும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று பதில் சொல்ல 4. சாட்சி மூன்று பேர், 10. செய்தி 15. வந்தவர்களின் விண்ணப்பங்களுக்காக ஜெபம் 10. ஆசீர்வாதம். போதகரிடம் 15 நிமிடம் என்பதை முந்தைய நாளே போனில் சொல்லிவிடுங்கள், அன்றைக்கு வாசலில் சொன்னால் மரியாதைக் குறைவாக இருக்கும்.

கூட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் சாட்சியில்தான். "ஆண்டவர் பெரிய காரியம் செய்தார், சொல்லி முடியாது" என்று தொடங்குபவர் உண்மையிலேயே சொல்லி முடிக்க மாட்டார். முன்கூட்டியே ஒரு தாளில் முக்கால் பக்கம் எழுதச் சொல்லுங்கள், அது மூன்று நிமிடம். என்ன நடந்தது, யார் வந்து நின்றார்கள், இப்போது எப்படி இருக்கிறது. "ராத்திரி 2 மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி. கீழ் வீட்டுத் தம்பி லுங்கியோடே காரை எடுத்தார். 11 நாள் ஆஸ்பத்திரி. இன்றைக்கு அப்பா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்." இதற்கு மேல் அலங்காரம் எதற்கு? அந்தத் தம்பியையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தீர்களா என்பதுதான் கேள்வி.

நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவர் நோயைச் சொல்லக் கூடாது. யாரிடம் கடன் கேட்டு யார் தரவில்லை என்பதும் சாட்சியில் வரக் கூடாது. ஹாலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் ஒருமுறை பாருங்கள். குழந்தை பிறந்ததற்கான கூட்டத்தில் பத்து வருஷமாகக் காத்திருக்கிற தம்பதி இருந்தால், "நாங்கள் விசுவாசித்தோம், ஆண்டவர் கொடுத்தார்" என்ற வாக்கியம் அவர்கள் காதில் "நீங்கள் விசுவாசிக்கவில்லை" என்றுதான் விழும். "கொடுத்தார், நன்றி" என்பதோடு நிறுத்துங்கள். அவர்களை முன்னால் அழைத்து எல்லார் எதிரிலும் கைவைத்து ஜெபிப்பதையும் அவர்களே கேட்டாலொழிய செய்ய வேண்டாம்.

சாப்பாட்டுக்கு சுண்டல், கேசரி, டீ. பிரியாணி போட்டால் வீட்டுக்காரர் கூட்டம் முழுக்க அடுப்படியில்தான் நிற்பார். 30 பேருக்குக் கொண்டைக்கடலை 1¼ கிலோ, முந்தைய இரவே மூன்று பங்கு தண்ணீரில் 10 மணி நேரம் ஊற வேண்டும். 5 லிட்டர் குக்கரில் பாதிக்கு மேல் போடாதீர்கள், மூன்று ஈடாக வேகவையுங்கள், நிரப்பினால் நுரை விசில் வழியை அடைக்கும். துருவின தேங்காயைப் பரிமாறும் முன்தான் சேர்க்க வேண்டும், காலையிலேயே கலந்தால் மாலைக்குள் வாடை வந்துவிடும். கேசரிக்கு ரவை 600 கிராம், சர்க்கரை 900, நெய் 250, தண்ணீர் 1.8 லிட்டர். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ரவையைத் தூவினால் கட்டி விழாது. ரவை முழுக்க வெந்த பிறகுதான் சர்க்கரை. முன்னாடி போட்டால் தண்ணீரைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும், ரவை நறநறவென்று நின்றுவிடும். டீக்கு நந்தினி அரை லிட்டர் பாக்கெட் நாலு, தண்ணீர் 1¼ லிட்டர், தூள் 60 கிராம், சர்க்கரை 200. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இனிப்புச் சேர்க்கும் முன்பே ஐந்து டம்ளர் எடுத்து வைத்துவிடுங்கள்.

எப்படியும் ஐந்தாறு பேர் வராமல் சுண்டல் மிஞ்சும். அதை ஃபிரிட்ஜில் ஏற்றாதீர்கள். நாற்காலிகளை மடிப்பதற்கு முன்பே வாட்ச்மேனுக்கு ஒரு டப்பா, லிஃப்ட் அருகில் வண்டி துடைக்கும் பையனுக்கு ஒன்று, மழையில் துணி எடுத்துவைத்த நாலாவது மாடி ஆன்ட்டிக்கு ஒன்று. அவர் கூட்டத்துக்கு வராதிருந்தால் நீங்களே மேலே ஏறிப் போய்க் கொடுங்கள். இறங்கி வந்ததும் நோட்டை எடுத்து அந்தச் செவ்வாய்க்கிழமை வரியில் "இல்லை" என்பதை அடித்துவிடலாம்.